ரெய்டு 5 தொகுப்பில் இன்னொரு டிஸ்க்: தரவை இழக்காமல் இடத்தைப் பெருக்கும் வழி

மூன்று 4 டிபி டிஸ்க்குகள் போட்ட ரெய்டு 5 தொகுப்பு (ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாதபடி பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த அமைப்பு) நிரம்பிக்கொண்டு வருகிறது. பெட்டியில் இன்னொரு டிஸ்க்குக்கு இடம் காலியாக இருக்கிறது. நான்காவதை வாங்கிச் செருகி ஒரு கட்டளை கொடுத்தால் 8 டிபி 12 டிபி ஆகிவிடும். லினக்ஸில் இது உண்மையிலேயே முடியும், தொகுப்பை நிறுத்தாமலே முடியும். ஆனால் அந்தக் கட்டளை ஓடுகிற ஒன்றிரண்டு நாளில்தான் உங்கள் டிஸ்க்குகள் தங்கள் ஆயுளிலேயே அதிகம் உழைக்கும். ஒவ்வொரு டிஸ்க்கும் முதலிலிருந்து கடைசி வரை படிக்கப்படும், திரும்ப எழுதப்படும். இரண்டு மூன்று வருடமாக யாரும் தொடாத மூலைகளெல்லாம் அன்றைக்குத்தான் தொடப்படும்.

புதிதாக இதைச் செய்பவர்கள் எல்லோரும் புதிய டிஸ்க்கைப் பற்றியே கேட்கிறார்கள்: எந்த மாடல், எவ்வளவு வேகம், என்ன விலை. நான் பார்த்தவரை, இந்த வேலை கெட்டுப்போனால் பெரும்பாலும் பழைய டிஸ்க்குகளால்தான் கெட்டுப்போகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கட்டளை கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவைதான். அந்தப் பகுதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

எடுத்துக்கொண்ட உதாரணம் இதுதான்: லினக்ஸ் கணினி, கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) உள்ள எம்டி ரெய்டு மென்பொருள், அதை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கருவி, மேலே எக்ஸ்ட்-4 கோப்பு முறைமை. நெட்வொர்க்கில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும், கடையில் வாங்கும் நாஸ் பெட்டிகளைப் பற்றியும் கடைசியில் சொல்கிறேன். கட்டளைகளை முழு வரியாக இங்கே தரப்போவதில்லை. எங்கேயோ பார்த்த வரியை வெட்டி ஒட்டும்போது டிஸ்க்கின் பெயர் மாறிப்போய்த் தரவை இழந்தவர்கள் நிறைய. ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். உங்கள் கணினியில் அதன் மேன் பக்கத்தைத் (கணினியிலேயே இருக்கும் கையேட்டை) திறந்து வைத்து, வரியை நீங்களே எழுதுங்கள்.

பெருக்கத்தான் வேண்டுமா?

முதல் கேள்வி இது. கையில் கொஞ்சம் பணம் இருந்தால், பழைய தொகுப்பைத் தொடாமல் இரண்டு 12 டிபி டிஸ்க்குகளை வாங்கி ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தரவு) போட்டு, எல்லாவற்றையும் அதில் நகலெடுப்பது நல்ல வழி. பயன்படுத்தக் கிடைக்கும் இடம் அதே 12 டிபி. நகலெடுத்துச் சரிபார்க்கும் வரை பழைய தொகுப்பு அப்படியே இருக்கிறது. ஏதாவது தவறினாலும் ஒன்றும் போகாது. வேலை முடிந்ததும் பழைய மூன்று டிஸ்க்குகளும் பேக்கப் ஆகிவிடும். பழைய டிஸ்க்குகள் ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். வயதான மூன்று டிஸ்க்குகளோடு புதியது ஒன்றைச் சேர்த்து இன்னும் சில வருடம் ஓட்டலாம் என்று நினைப்பது, மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பெரிய செலவில் கொண்டு விடும்.

டிஸ்க்குகள் ஒன்றிரண்டு வருடம் ஆனவை, பேக்கப் ஒழுங்காக இருக்கிறது, இடம்தான் போதவில்லை என்றால் தாராளமாகப் பெருக்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

மூன்று டிஸ்க் ரெய்டு 5-இல் தரவு துண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கிறது. எம்டிஏடிஎம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் துண்டின் அளவு 512 கிலோபைட். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு துண்டு தரவு, ஒரு துண்டு பேரிட்டி. பேரிட்டி என்பது மற்ற இரண்டையும் வைத்துக் கணக்கிட்ட மதிப்பு. ஒரு டிஸ்க் போனால் மீதியிலிருந்து அதைத் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம். நான்காவது டிஸ்க் வந்ததும் வரிசைக்கு மூன்று தரவு, ஒரு பேரிட்டி என்று கணக்கு மாறுகிறது. ஆக, ஆரம்பத்தில் உள்ள ஒரு சில துண்டுகளைத் தவிர எல்லாம் இடம்பெயர வேண்டும், பேரிட்டியையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். வரிசைக்கு மூன்று பேராகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை, சாப்பாட்டை நிறுத்தாமல் வரிசைக்கு நான்கு பேராக மாற்றி உட்கார வைப்பது போன்ற வேலை இது. இதற்கு ரீஷேப் என்று பெயர்.

ரீபில்டு என்பது வேறு. ஒரு டிஸ்க் இல்லாமல் ஊனமாக நிற்கும் தொகுப்பில் அந்த டிஸ்க்கின் உள்ளடக்கத்தைத் திரும்ப உருவாக்குவது ரீபில்டு. ரீஷேப் நடக்கும்போது எல்லா டிஸ்க்கும் நலமாக இருந்தால் பேரிட்டி பாதுகாப்பும் கூடவே இருக்கும். எங்காவது ஒரு செக்டரை, அதாவது டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புப் பகுதியை, படிக்க முடியாவிட்டால் மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்கிட்டுச் சமாளித்துக்கொள்ளும். ரெய்டு 5-இல் ரீபில்டு நடக்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த வேறுபாடு பின்னால் பெரிய டிஸ்க்குகளுக்கு மாறும் இடத்தில் மிகவும் முக்கியமாகிறது.

பேக்கப்

ரெய்டு பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்த்தே அழியும். பவர் சப்ளை வெடித்தால் மூன்றும் ஒன்றாகப் போகலாம். ரீஷேப் ஆரம்பிப்பதற்கு முன் தொகுப்புக்கு வெளியே, முடிந்தால் வேறு இடத்திலும், முழு நகல் இருக்க வேண்டும். எட்டு டிபிக்கும் இடம் இல்லையென்றால் திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: குடும்பப் புகைப்படங்கள், வாடிக்கையாளர் கோப்புகள், கணக்கு வழக்கு. திரும்பத் தரவிறக்கிக்கொள்ளக்கூடிய படங்களும் மென்பொருளும் அப்புறம்.

எடுத்தால் மட்டும் போதாது, திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது இதற்கு நல்ல பாடம். ஒரு பொறியாளர் இரண்டாம் நிலை சர்வரில் இருப்பதாக நினைத்து, முதன்மை சர்வரின் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி 4.5 ஜிபி ஆகிவிட்டது. அங்கே ஐந்து விதமான பேக்கப், நகல் ஏற்பாடுகள் இருந்தன. ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை. அவற்றில் ஒன்று பதிப்பு பொருந்தாமல் பல நாளாகச் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துத் தரவின் நகல்) காப்பாற்றியது. அப்படியும் ஆறு மணி நேரத் தரவு போயிற்று. கிட்லேப் இதை முழுவதுமாக வெளியில் சொன்னதால்தான் நமக்கெல்லாம் தெரிகிறது.

அதனால் பேக்கப்பிலிருந்து சில கோப்புறைகளை வேறொரு கணினியில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். படம் திறக்கிறதா, காணொளி கடைசி வரை ஓடுகிறதா என்று பாருங்கள். பொறுமை இருந்தால் ஆர்-சிங்க் கருவியின் செக்சம் விருப்பத்தால் இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். பேக்கப் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வையுங்கள். வேலை முடியும் வரை அது அந்தக் கணினியில் செருகியிருக்கக் கூடாது.

இன்னொன்றையும் எடுத்து வையுங்கள். எம்டிஏடிஎம் கருவியின் டீட்டெயில், எக்ஸாமின் விருப்பங்கள் தொகுப்பையும் ஒவ்வொரு டிஸ்க்கையும் பற்றிய விவரத்தைக் காட்டும்: துண்டின் அளவு, டிஸ்க்குகளின் வரிசை, தரவு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது எல்லாம். அதையும் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதிகள்) பட்டியலையும் கோப்பாகச் சேமித்து வேறொரு கணினிக்கு அனுப்புங்கள். ஒருநாள் மீட்பு வேலை செய்ய வேண்டி வந்தால், அந்த ஒரு பக்கம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் மீட்க முடிவதும் முடியாததும் அமையும்.

பழைய டிஸ்க்குகளைச் சோதிப்பது

ஸ்மார்ட்-சிடிஎல் கருவியால் ஒவ்வொரு பழைய டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களையும் (டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு) எடுங்கள். மேலே பெரிதாக வரும் "பாஸ்டு" என்ற சொல்லை நம்பாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கும் அதைக் காட்டும். பார்க்க வேண்டியவை நான்கு எண்கள். 5-ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்று இடம் தரப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். 198, சோதனையில் மீட்க முடியாதவை. 199, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் நடந்த பரிமாற்றப் பிழைகள்.

197-உம் 198-உம் பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் பெருக்கும் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு அந்த டிஸ்க்கை முதலில் மாற்றுங்கள். 5-ஆம் எண் சிறியதாக, மாதக்கணக்கில் ஏறாமல் இருந்தால் டிஸ்க் இன்னும் ஓடக்கூடும்; ஏறிக்கொண்டே இருந்தால் மாற்றிவிடுங்கள். 199 ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். சாட்டா கேபிளை மாற்றுங்கள். அந்த எண் குறையாது, மேற்கொண்டு ஏறாமல் இருந்தால் சரி.

அப்புறம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் நீண்ட சோதனையை ஓட்டுங்கள். 4 டிபி டிஸ்க்குக்கு எட்டு மணி நேரத்தை ஒட்டி ஆகலாம். இரவில் விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள்.

இதற்கு மேல் தொகுப்பு முழுவதையும் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். எம்டியில் "செக்" என்ற செயல் ஒவ்வொரு வரிசையையும் படித்துப் பேரிட்டி பொருந்துகிறதா என்று பார்க்கும். டெபியனிலும் உபுண்டுவிலும் இது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தானாக ஓடும்படி அமைந்திருப்பது வழக்கம். ஆனால் இரவில் அணைத்து வைக்கும் கணினியில் அது ஒருபோதும் ஓடியிருக்காது. கையால் ஓட்டி, முடிந்ததும் பொருந்தாதவற்றின் எண்ணிக்கையைப் பாருங்கள். ரெய்டு 5-இல் அது பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் காரணம் தெரியும் வரை, மெமரி உட்பட எல்லாவற்றையும் சோதிக்கும் வரை, மேலே போகாதீர்கள். தப்பான பேரிட்டியோடு ரீஷேப் செய்யக் கூடாது.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் நேர வரம்பு. படிக்க முடியாத செக்டரில் மாட்டும் சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக்கணக்கில் கூட விடாமல் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் கர்னல் 30 நொடிதான் பொறுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் இணைப்பை ரீசெட் செய்யும். அதோடு நல்ல டிஸ்க் ஒன்று தொகுப்பிலிருந்து வெளியே தள்ளப்படலாம். நாஸ் வகை டிஸ்க்குகள் 7 நொடியில் கைவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும், ரெய்டு அதைச் சரிசெய்துகொள்ளும். உங்கள் டிஸ்க்கில் இந்த அமைப்பு இருக்கிறதா என்று ஸ்மார்ட்-சிடிஎல் காட்டும். இருந்து அணைந்து கிடந்தால் 7 நொடிக்கு வையுங்கள். பல டிஸ்க்குகள் மின்சாரம் போனதும் இதை மறந்துவிடும் என்பதால், கணினி தொடங்கும்போதெல்லாம் வைக்கும்படி எழுதி விடுங்கள். அந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால், கர்னலின் பொறுமையை 180 நொடிக்கு ஏற்றுங்கள்.

புதிய டிஸ்க்கை வாங்குவதும் பழக்குவதும்

அளவு, பழைய டிஸ்க்குக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். தொகுப்புக்குத் தேவையானதைவிட ஒரு செக்டர் குறைந்தாலும் எம்டி ஏற்காது. 4 டிபி என்று விற்பவை பெரும்பாலும் 512 பைட் கணக்கில் 781,40,37,168 செக்டர் கொண்டவை, ஆகவே வேறு தயாரிப்பாளரின் டிஸ்க்கும் பொருந்தும். வேறு தொகுதியில் வந்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

கட்டாயம் கேட்க வேண்டியது, டிஸ்க் சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது. இவை டிஸ்க்கில் எழுதும் இரண்டு முறைகள். சிஎம்ஆர் வகையில் தடங்கள் தனித்தனியாக இருக்கும், எஸ்எம்ஆர் வகையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒன்றை மாற்றி எழுதப் பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். தொடர்ந்து நாள்கணக்கில் எழுதும் ரெய்டு வேலையில் அது நின்று நின்று ஓடும், சில சமயம் தொகுப்பிலிருந்து விழுந்தும் விடும். 2020 ஏப்ரலில், வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரிய வந்தது. அதன்பிறகு அந்த நிறுவனம் சிஎம்ஆர் மாடல்களை ரெட் பிளஸ் என்று தனியே பிரித்தது. வாங்கும்போது மாடல் எண்ணை முழுதாக எடுத்து, தயாரிப்பாளரின் விவரத்தாளோடு ஒப்பிடுங்கள். பெட்டியில் "நாஸ்" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

வந்த டிஸ்க்கை உடனே தொகுப்பில் சேர்க்காதீர்கள். முடிந்தால் வேறு கணினியில் மாட்டி, நீண்ட ஸ்மார்ட் சோதனை, பிறகு பேட்பிளாக்ஸ் கருவியின் எழுதும் சோதனை, பிறகு மறுபடி ஸ்மார்ட் என்று ஓட்டுங்கள். எழுதும் சோதனை நான்கு விதமான கோலங்களை முழு டிஸ்க்கிலும் எழுதிப் படிக்கும். 4 டிபிக்கு இரண்டு மூன்று நாள் ஆகும், டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழியும். வேறு கணினியில் என்று நான் சொல்வது அதனால்தான்: அங்கே பெயர் மாறிப்போய்ப் பழைய டிஸ்க்கின் மேல் ஓட வாய்ப்பே இல்லை. பிறக்கும்போதே குறையுள்ள டிஸ்க் இந்தச் சோதனையிலேயே அகப்பட்டால், கடையில் மாற்றித் தருவதும் எளிது.

மாட்டுவது

கணினியை அணைத்துவிட்டு மாட்டுங்கள். ஓடும்போதே மாட்டும் வசதி இருந்தாலும் முதல் தடவை அந்த அவசரம் வேண்டாம். டிஸ்க்குகளைத் திறந்து பார்க்கும் இந்த நேரத்தில் ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் காகிதத்தில் எழுதி ட்ரேயின் முன்பக்கம் ஒட்டுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் தரும் பெயர்கள் மறுபடி தொடங்கும்போது மாறலாம். நேற்று எஸ்டிடி ஆக இருந்தது இன்று எஸ்டிபி ஆகலாம். சீரியல் எண் மாறாது. இனிமேல் ஒவ்வொரு கட்டளைக்கும் முன் "இந்தப் பெயர், எந்த சீரியல்?" என்று பார்த்துவிட்டே எண்டர் தட்டுங்கள்.

மின்சாரத்துக்கு மலிவான மோலெக்ஸ்-சாட்டா மாற்றிகளைத் தவிர்த்துவிடுங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடியது. டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில் போட்டுத் தொகுப்பில் சேர்க்கும் யோசனையும் வேண்டாம்.

தொடங்கியதும் தொகுப்பு நலமாக இருக்கிறதா என்று, எம்டியின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் பாருங்கள். மூன்றும் இருக்க வேண்டும், நலமான டிஸ்க்கைக் குறிக்கும் யூ என்ற எழுத்து மூன்று தடவை தெரிய வேண்டும். புதிய டிஸ்க்கில் பழையவற்றின் அளவிலேயே ஜிபிடி பார்ட்டிஷன் ஒன்றைக் கையால் உருவாக்குங்கள். பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையை நகலெடுக்கும் கட்டளைகளும் உண்டு, ஆனால் அவற்றில் எது மூலம், எது இலக்கு என்ற வரிசை குழப்பமானது. தலைகீழாகக் கொடுத்தால் காலி அட்டவணை பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு நிமிடம் மிச்சமாவதற்காக அந்த ஆபத்து தேவையில்லை.

ரீஷேப்

இது இரண்டு படி. முதலில் எம்டிஏடிஎம் கருவியின் ஆட் விருப்பத்தால் புதிய பார்ட்டிஷனைத் தொகுப்பில் சேர்க்க வேண்டும். தொகுப்பு நலமாக இருந்தால் அது ஸ்பேராக (உபரியாக), எஸ் என்ற அடையாளத்தோடு, சும்மா நிற்கும். இதுவரை எதுவும் மாறவில்லை, இப்போதும் பின்வாங்கலாம். ஒருநாள் அப்படியே விட்டுப் பார்த்தாலும் தவறில்லை.

இரண்டாவது, குரோ விருப்பத்தோடு டிஸ்க் எண்ணிக்கையை 4 என்று சொல்வது. இங்கிருந்து பின்வாங்குவது எளிதில்லை, அதனால் தட்டுவதற்கு முன் மூன்று விஷயம்.

ஒன்று, பேக்கப்-ஃபைல் விருப்பம். ரீஷேப்பின் தொடக்கத்தில் புதிய வரிசைகளை எழுத வேண்டிய இடத்தில்தான் பழைய வரிசைகளும் இருக்கின்றன. அந்தச் சிறு பகுதி ஆபத்தானது. எழுதும்போது மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதற்காக அந்தப் பகுதியை ஒரு தனிக் கோப்பில் வைத்துக்கொள்ள எம்டிஏடிஎம் அனுமதிக்கும். இப்போதைய பதிப்புகள் டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள காலி இடத்தைப் பயன்படுத்திக்கொள்வதால் பல சமயம் அந்தக் கோப்பு தேவைப்படாது, தேவைப்பட்டால் கருவியே கேட்கும். கொடுப்பதாக இருந்தால் அந்தக் கோப்பு இதே தொகுப்பின் மேல் இருக்கக் கூடாது. கணினியின் சிஸ்டம் டிஸ்க்கிலோ ஒரு யூஎஸ்பி டிரைவிலோ வையுங்கள், எங்கே வைத்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு, மின்சாரம். யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் கணினி ஓடுகிறதென்றால், அதன் பின்புறம் யூபிஎஸ் முறை, ஈகோ முறை என்று இருக்கும் ஸ்விட்ச் யூபிஎஸ் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈகோ முறையில் மாறுவதற்கு ஆகும் நேரத்தில் கணினி அணைந்துவிடலாம்.

மூன்று, பிட்மேப். தொகுப்பில் எழுதும் இடங்களைக் குறித்துவைக்கும் பிட்மேப் இருந்தால், பழைய பதிப்புகளில் அதை நீக்கிவிட்டுப் பெருக்கி, முடிந்ததும் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும்.

தட்டிவிட்டீர்கள். எம்டிஸ்டாட் கோப்பில் சதவீதமும் வேகமும் மீதி நேரமும் தெரியும். நொடிக்கு 40 மெகாபைட் வேகம் என்றால் 4 டிபிக்கு ஏறக்குறைய 28 மணி நேரம். எம்டி இயல்பாகவே குறைந்தபட்சம் நொடிக்கு 1000 கிலோபைட், அதிகபட்சம் 2,00,000 கிலோபைட் என்று வரம்பு வைத்திருக்கிறது. யாராவது தொகுப்பைப் பயன்படுத்தினால் ரீஷேப் ஒதுங்கி வழிவிடும், அதனால் பகலில் மந்தமாகவும் இரவில் வேகமாகவும் போவது இயல்பே. வரிசைகளைத் தற்காலிகமாக மெமரியில் வைக்கும் ஸ்ட்ரைப் கேஷை 256-லிருந்து 4096-க்கு ஏற்றினால் வேகம் கூடும். நான்கு டிஸ்க்குக்கு அது 64 எம்பி மெமரிதான் பிடிக்கும்.

இந்த நேரத்தில் கோப்புகளைப் படிக்கலாம், எழுதலாம். ஆனால் பெரிய நகலெடுப்பு, கர்னல் அப்டேட், ரீபூட் எல்லாம் தள்ளி வையுங்கள். டிஸ்க்குகளின் வெப்பத்தை அவ்வப்போது பாருங்கள். 45 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் பெட்டிக்கு எதிரே ஒரு ஃபேனை வையுங்கள், அதிகபட்ச வேகத்தைக் குறையுங்கள். சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

நடுவில் மின்சாரம் போனால் பதற வேண்டாம். எதுவரை முடிந்தது என்பது ஒவ்வொரு டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கிலும் (தொகுப்பின் விவரம் எழுதிய இடம்) குறிக்கப்பட்டிருக்கும், தொகுப்பு மறுபடி இணைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பேக்கப் கோப்பு கொடுத்திருந்தால், கையால் இணைக்கும்போது அதையும் காட்ட வேண்டும். ஒரு டிஸ்க் நடுவில் செத்துவிட்டால் தொகுப்பு ஊனமாகவே வேலையை முடிக்கும், பிறகு டிஸ்க்கை மாற்றலாம். இரண்டு விழுந்தால் தொகுப்பு நின்றுவிடும். அப்போது செய்யக் கூடாத ஒன்று உண்டு: கிரியேட் கட்டளை. தொகுப்பை "புதிதாக உருவாக்கினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதி பழைய அமைப்பிலும் பாதி புதிய அமைப்பிலும் இருக்கும் தரவின் மேல் அது தப்பான வரைபடத்தை எழுதிவிடும், எதுவரை முடிந்தது என்ற குறிப்பும் போய்விடும். கணினியை அணையுங்கள். விழுந்த டிஸ்க்குகளைக் குனு டிடி-ரெஸ்க்யூ கருவியால் வேறு டிஸ்க்குகளுக்கு அப்படியே பிரதி எடுங்கள். மீட்பு முயற்சி எல்லாம் அந்தப் பிரதிகளின் மேல்தான்.

கோப்பு முறைமையைப் பெரிதாக்குவது

ரீஷேப் முடிந்ததும் தொகுப்பு 12 டிபி என்று காட்டும், ஆனால் கோப்புறையில் காலி இடம் ஏறியிருக்காது. கோப்பு முறைமைக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். எக்ஸ்ட்-4 என்றால் ரீசைஸ்-2-எஃப்எஸ், மவுன்ட் செய்து (இணைத்துப் பயன்பாட்டில்) இருக்கும்போதே பெரிதாக்கும். முடிந்தால் அதற்கு முன் ஒருமுறை அன்மவுன்ட் செய்து முழு எஃப்எஸ்செக் (கோப்பு முறைமைச் சோதனை) ஓட்டுவது நல்லது. எக்ஸ்எஃப்எஸ் என்றால் அதன் குரோஎஃப்எஸ் கட்டளை. அதற்கு மவுன்ட் செய்தே இருக்க வேண்டும். நடுவில் எல்விஎம் (இடத்தைப் பகுதிகளாகப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு) இருந்தால் கீழிருந்து மேலாக வாருங்கள்: பிவி (அடியில் உள்ள டிஸ்க் இடம்), பிறகு எல்வி (அதிலிருந்து பிரித்த பகுதி), பிறகு கோப்பு முறைமை.

பழைய எக்ஸ்ட்-4 என்றால் அதில் 64 பிட் வசதி இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் 16 டெபிபைட்டைத் (1024 கணக்கில் எண்ணும் டிபி) தாண்டாது. நம் 12 டிபிக்குப் பிரச்சினை இல்லை, அடுத்த தடவை பெருக்கும்போது முட்டும். 12 டிபி என்பது திரையில் 10.9 என்று தெரிவதும் இழப்பு இல்லை. டிஸ்க் விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024 ஆக எண்ணுகிறது.

காலி இடமே இல்லாத பெட்டி: பெரிய டிஸ்க்குகளுக்கு மாறுவது

மூன்று ட்ரேயும் நிரம்பியிருந்தால், ஒவ்வொரு 4 டிபியையும் 8 டிபியாக மாற்றிக்கொண்டே வந்து, கடைசியில் தொகுப்பைப் பெரிதாக்கலாம். வழக்கமாகச் சொல்லப்படும் முறை: ஒன்றைக் கழற்று, பெரியதைப் போடு, ரீபில்டு முடியக் காத்திரு, அடுத்ததுக்குப் போ. நொடிக்கு 120 மெகாபைட் என்றால் ஒவ்வொன்றும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். ரெய்டு 5-இல் இந்த முறையை நான் சொல்ல மாட்டேன். மூன்று தடவையும் நீங்களே பாதுகாப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மீதமுள்ள பழைய டிஸ்க்குகளை முழுதாகப் படிக்க வைக்கிறீர்கள். சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் உறுதி, 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுகளுக்கு ஒரு படிக்க முடியாத பிழைக்கு மேல் வராது என்பது. அது 12.5 டிபி. நடைமுறையில் நல்ல டிஸ்க்குகள் இதைவிட எவ்வளவோ மேல்தான். ஆனாலும் வலை இல்லாமல் ஏன் நடக்க வேண்டும்?

எம்டிஏடிஎம் கருவியில் ரீபிளேஸ் என்று ஒரு விருப்பம் இருக்கிறது. பழைய டிஸ்க் தொகுப்பில் இருக்கும்போதே அதன் உள்ளடக்கத்தைப் புதியதுக்கு நகலெடுத்து, முடிந்த பிறகுதான் பழையதை வெளியேற்றும். இதற்குத் தேவை தற்காலிகமாக ஒரு சாட்டா போர்ட் மட்டும். பெட்டியைத் திறந்து வைத்து, டிஸ்க்கை மேஜைமேல் ஓர் அட்டையில் வைத்துச் செய்தாலும் பரவாயில்லை, அந்த ஒரு போர்ட்டுக்கு வழி பண்ணுங்கள். மூன்றும் மாறியதும் பார்ட்டிஷன் அளவு சரியா என்று பார்த்து, குரோ விருப்பத்தில் அளவை மேக்ஸ் என்று கொடுங்கள், பிறகு கோப்பு முறைமை. கழற்றிய பழைய மூன்றையும் ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள்.

டிஸ்க் எண்ணிக்கை ஐந்தைத் தொடுகிறது என்றால் ரெய்டு 6-க்கு மாறும் நேரம் அது. ஐந்தாவதைச் சேர்க்கும்போதே லெவல் 6 என்று கொடுத்து ரீஷேப் செய்யலாம். இடம் கூடாது, ஆனால் இரண்டு டிஸ்க் ஒன்றாகப் போனாலும் தாங்கும்.

நாஸ் பெட்டிகளும் இசட்எஃப்எஸ்-உம்

சைனாலஜி போன்ற பெட்டிகளில் ஸ்டோரேஜ் மேனேஜரில் டிஸ்க்கைச் சேர்ப்பது நான்கைந்து கிளிக். அடியில் ஓடுவது இதே எம்டிதான். ஆகவே பேக்கப், பழைய டிஸ்க் சோதனை, யூபிஎஸ் எல்லாம் அப்படியே பொருந்தும். அங்கும் தொகுப்பு பெரிதான பிறகு வால்யூமைப் பெரிதாக்குவது தனிப் படியாக இருக்கக்கூடும்.

கோப்பு முறைமையும் ரெய்டும் ஒன்றாகச் சேர்ந்த இசட்எஃப்எஸ்-இல் ஒரு பொறி இருக்கிறது. ரெய்டுஇசட் (ரெய்டு 5 போன்ற அதன் சொந்த அமைப்பு) உள்ள குளத்தில், அதாவது அதன் டிஸ்க் தொகுப்பில், "ஆட்" கட்டளையால் ஒற்றை டிஸ்க்கைச் சேர்த்தால், அது ரெய்டுஇசட்டுக்குள் போகாது. பக்கத்தில் பாதுகாப்பில்லாத தனி டிஸ்க்காக நிற்கும். அந்த ஒன்று போனால் குளம் முழுவதும் போகும். ரெய்டுஇசட் உள்ள குளத்திலிருந்து அதை நீக்கவும் முடியாது. கருவி எச்சரிக்கும், ஃபோர்ஸ் விருப்பம் கொடுத்தால் கேட்டுவிடும். எதற்காகவும் அதைக் கொடுக்காதீர்கள். ரெய்டுஇசட்டுக்குள்ளேயே டிஸ்க் சேர்க்கும் வசதி 2025 ஜனவரியில் வந்த ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3-இல் கிடைத்தது, அதற்கு "அட்டாச்" கட்டளை. ஏற்கெனவே இருக்கும் கோப்புகள் பழைய தரவு-பேரிட்டி விகிதத்திலேயே இருக்கும், திரும்ப எழுதினால்தான் புதிய விகிதத்துக்கு வரும். எதிர்பார்த்ததைவிட இடம் கொஞ்சம் குறைவாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

முடிந்த பிறகு

தொகுப்பை மறுபடி ஒரு "செக்" ஓட்டுங்கள். எம்டிஏடிஎம் அமைப்புக் கோப்பில் தொகுப்பின் வரி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதுப்பித்து, ஒருமுறை ரீபூட் செய்து நான்கும் தானாக இணைகின்றனவா என்று பாருங்கள். ரீஷேப்புக்காக மாற்றிய வேக வரம்பைப் பழையபடி வையுங்கள். பேக்கப்பிலிருந்து எடுத்த சில கோப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்க் விழுந்தால் மின்னஞ்சல் வரும்படி எம்டிஏடிஎம் மானிட்டரை அமைத்து, அதன் டெஸ்ட் விருப்பத்தால் ஒரு சோதனை மடல் உண்மையிலேயே வந்து சேருகிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு வேலை இப்போதுதான் தொடங்குகிறது. எட்டு டிபிக்கு வாங்கிய பேக்கப் டிஸ்க் 12 டிபிக்குப் போதாது. தொகுப்பில் 7 டிபி தாண்டுவதற்குள் பெரிய பேக்கப் டிஸ்க் வாங்கிவிடுங்கள். அதுவரை புதிதாகக் கிடைத்த இடத்தில் எதைப் போட்டாலும், அது பேக்கப் பட்டியலில் சேர்ந்ததா என்று பார்த்துப் போடுங்கள்.